சம்பள நெடுவரிசையை மறைத்தும் வெளியே தெரிந்துவிட்டது: பவர் பிஐ-யில் டேபிளையும் நெடுவரிசையையும் பூட்டுவது எப்படி?

முதல்ரிப்போர்ட்:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகத்துக்காக ஊழியர் விவரங்களை வைத்து, மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் கருவியான பவர் பிஐ-யில் ஒரு ரிப்போர்ட் செய்திருக்கிறேன். மாடலில், அதாவது ரிப்போர்ட்டுக்கு அடியில் உள்ள தரவுத் தொகுப்பில், துறை, ஊழியர், திட்டம், வேலை நேரம் என்று நான்கு டேபிள்கள். சம்பளம், ஊக்கத்தொகை, வங்கிக் கணக்கு எண் மூன்றும் ஊழியர் டேபிளிலேயே இருக்கின்றன. ரிப்போர்ட்டைப் பார்ப்பவர்கள் இரண்டு வகை. மனிதவளப் பிரிவினருக்கு எல்லாம் தெரிய வேண்டும். துறைத் தலைவர்களுக்குத் தங்கள் துறை ஆட்கள் அனைவரும் தெரிய வேண்டும், ஆனால் இந்த மூன்று நெடுவரிசைகள் மட்டும் தெரியக் கூடாது.

நான் அந்த மூன்றையும் ரிப்போர்ட் பார்வையில் மறைத்தேன். சம்பளப் பக்கத்தையும் மறைத்தேன். துறை வாரியாக ஆர்எல்எஸ் (வரிசை அளவிலான பாதுகாப்பு) ரோல் போட்டேன். இதோடு வேலை முடிந்தது என்றே நம்பினேன். போன வாரம் ஒரு துறைத் தலைவர் என்னைத் தனியாக அழைத்துக் காட்டினார். அதே மாடலோடு இணைத்து ஒரு புது ரிப்போர்ட் தொடங்கியிருக்கிறார். நெடுவரிசையின் பெயர் 'சம்பளம்' என்றுதான் இருக்கும் என்று ஊகித்து ஒரே வரியில் ஒரு மெஷர் (கணக்கீட்டுச் சூத்திரம்) எழுதியிருக்கிறார். அவர் துறை ஆட்கள் ஒவ்வொருவரின் சம்பளமும் வந்து நின்றது. நல்ல மனிதர், வேறு யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறைத்த பிறகும் எப்படித் தெரிந்தது? நிஜமாகவே பூட்ட என்ன வழி?

தரவுத்தச்சர்:

அந்தத் துறைத் தலைவருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். அவர் காட்டியிருக்காவிட்டால் இது இன்னும் எத்தனை மாதம் திறந்தே கிடந்திருக்குமோ.

மறைப்பது ரிப்போர்ட் எழுதுபவரின் வசதிக்காக இருக்கும் ஏற்பாடு. புலப் பட்டியலில் தேவையற்றவை கண்ணில் படாமல் இருக்கும், அவ்வளவுதான். மாடலில் அந்த நெடுவரிசை அப்படியே இருக்கிறது. மாடலின் மேல் 'பில்டு' அனுமதி (அதை வைத்துப் புது ரிப்போர்ட் உருவாக்கும் உரிமை) உள்ள யாரும் அதன் பெயரை டாக்ஸ் (பவர் பிஐ-யின் சூத்திர மொழி) வினவலில் எழுதி மதிப்பை வாங்கிவிடலாம். மறைத்த பக்கமும், மாடலின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் பெர்ஸ்பெக்டிவும் இதே கதைதான். மூன்றில் எதுவும் பாதுகாப்புக்காக உருவானது இல்லை.

ஆர்எல்எஸ் வரிசைகளை வடிகட்டும். ஒரு ஊழியரின் வரிசை தெரிந்தால் அதில் உள்ள எல்லா நெடுவரிசைகளும் தெரியும். உங்களுக்குத் தேவை ஓஎல்எஸ், அதாவது பொருள் அளவிலான பாதுகாப்பு. இது எஸ்கியூஎல் சர்வர் 2017-இன் அனாலிசிஸ் சர்வீசஸில் வந்தது, பிறகு பவர் பிஐ-க்கும் வந்தது. ஒரு ரோலுக்கு ஒரு டேபிளையோ நெடுவரிசையையோ மூடிவிட்டால், அந்த ரோலில் உள்ளவரைப் பொறுத்தவரை அது மாடலிலேயே கிடையாது. மதிப்பு மட்டும் இல்லை, பெயரும் தெரியாது. சில இடங்களில் பெயரே ரகசியம்தானே? 'பணிநீக்கப் பரிந்துரை' என்று ஒரு டேபிள் இருப்பது தெரிந்தாலே போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கத் தேவையில்லை.

செய்முறை: கணினியில் நிறுவிய பவர் பிஐ டெஸ்க்டாப்பில் 'மேனேஜ் ரோல்ஸ்' போய் ரோலை உருவாக்குங்கள். பிறகு 'எக்ஸ்டர்னல் டூல்ஸ்' வழியாக, மாடலைத் திருத்தும் தனிக் கருவியான டேபுலர் எடிட்டரைத் திறங்கள். 2-ஆம் பதிப்பு இலவசம், அதுவே போதும். அந்த ரோலின் டேபிள் அனுமதிகளில் வேண்டிய டேபிளுக்கோ நெடுவரிசைக்கோ 'நன்' (None) என்று வைத்துச் சேமியுங்கள். அப்புறம் டெஸ்க்டாப்பில் சேமித்து வெளியிடுங்கள். ரோலில் யார் யார் என்பதை வெளியிட்ட பிறகு, சர்வீஸில் (பவர் பிஐ இணையதளத்தில்) மாடலின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் சேர்க்க வேண்டும். தனித்தனி ஆளாகச் சேர்க்காமல் செக்யூரிட்டி குழுவாகச் சேருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 குழுவை அங்கே ஏற்காது, அதை நினைவில் வையுங்கள்.

முதல்ரிப்போர்ட்:

நன்றி. நேற்று முழுக்க இதோடுதான் இருந்தேன். இரண்டு சிக்கல்.

ஒன்று: 'சம்பளம்இல்லை' என்று புதிதாக ஒரு ரோல் உருவாக்கி அதில் ஓஎல்எஸ் வைத்தேன். துறைத் தலைவர்கள் ஏற்கெனவே 'துறைத்தலைவர்' ரோலில் இருக்கிறார்கள், அதில் ஆர்எல்எஸ். இரண்டிலும் அவர்களைச் சேர்த்ததும் ரிப்போர்ட்டே திறக்கவில்லை, எங்கு பார்த்தாலும் பிழை.

இரண்டு: ஒரு சோதனைக் கணக்கை 'சம்பளம்இல்லை' ரோலில் மட்டும் வைத்துப் பார்த்தேன். சம்பளம் போயிற்று, நல்லது. ஆனால் சம்பள நெடுவரிசை இருந்த விஷுவல்கள் (வரைபடங்கள், அட்டவணைகள்) எல்லாம் உடைந்து சாம்பல் பெட்டியாக நிற்கின்றன. 'மொத்தச் செலவு' மெஷரும் போய்விட்டது. பிழையைச் சமாளிக்கும் இஃப்எரர் போட்டுப் பார்த்தேன், பயனில்லை.

தரவுத்தச்சர்:

முதல் சிக்கலுக்குக் காரணம் எளிது. ஒரு ரோலில் ஆர்எல்எஸ், இன்னொரு ரோலில் ஓஎல்எஸ் என்று வைத்து ஒரே ஆளை இரண்டிலும் சேர்க்கக் கூடாது. வினவும்போது பிழைதான் வரும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ரோல்கள் ஒன்றையொன்று குறைக்காது, கூட்டும். ஒருவர் இரண்டு ரோலில் இருந்தால் இரண்டும் தரும் அனுமதிகள் சேர்ந்து கிடைக்கும். வரிசைப் பூட்டு ஒன்றிலும் நெடுவரிசைப் பூட்டு இன்னொன்றிலும் இருந்தால், அந்தக் கூட்டல் யாரும் எண்ணாத கதவைத் திறந்துவிடும். அதனால் 'துறைத்தலைவர்' ரோலுக்குள்ளேயே இரண்டையும் வையுங்கள். ஒரே ரோலில் இரண்டும் இருப்பதில் தடையே இல்லை.

கூடவே ஒன்று. மாடலில் ரோல் என்று ஒன்று வந்துவிட்டால், எந்த ரோலிலும் இல்லாத பார்வையாளருக்கு எதுவும் தெரியாது. மனிதவளப் பிரிவினருக்கு எந்தத் தடையும் இல்லாத 'முழுப்பார்வை' ரோல் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது சிக்கலில் இஃப்எரர் உதவாது, இஃப் உதவாது. மெஷர் கணக்கிடத் தொடங்கும் முன்பே, அதில் உள்ள பெயர்களைத் தேடும் கட்டத்திலேயே, அந்த நெடுவரிசை கிடைக்காமல் போகிறது. பூட்டிய ஒன்றைத் தொடும் மெஷரும் தானாகவே பூட்டப்படும். அந்த மெஷரைத் தொடும் அடுத்த மெஷரும் அப்படியே. ஓஎல்எஸ்-இல் மெஷரைத் தனியாகப் பூட்ட வழி கிடையாது. இந்தச் சங்கிலிதான் அதற்கு ஒரே வழி. சிலர் ஒரு வெற்று டேபிளை வைத்துப் பூட்டி, பாதுகாக்க வேண்டிய மெஷரில் அதை ஒரு முறை குறிப்பிட்டு வைப்பார்கள். மெஷரும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

விஷுவல் உடைவதற்குத் தீர்வு, துறைத் தலைவர்களுக்கு வேறு பக்கமோ வேறு ரிப்போர்ட்டோ கொடுப்பது. மாடல் ஒன்று, ரிப்போர்ட் இரண்டு.

மூன்றாம்வரிசை:

இங்கே நான் தச்சரோடு ஒத்துப்போகவில்லை. ஒரே ரிப்போர்ட் வேண்டும், சம்பளக் கட்டம் துறைத் தலைவருக்குக் காலியாக இருந்தால் போதும் என்றால் ஓஎல்எஸ்-ஐ விட நல்ல வழி இருக்கிறது.

சம்பளம், ஊக்கத்தொகை, வங்கிக் கணக்கு எண் மூன்றையும் ஊழியர் டேபிளிலிருந்து எடுத்து, ஊழியர் எண்ணோடு தனி டேபிளாக்குங்கள். ஊழியர் டேபிள் 'ஒன்று' பக்கம், புது டேபிள் 'பல' பக்கம், உறவு ஒரே திசை. இப்போது 'துறைத்தலைவர்' ரோலில் அந்தப் புது டேபிளுக்கு மட்டும், எந்த வரிசையும் தேறாதபடி எப்போதும் பொய் என்று ஒரு நிபந்தனை வையுங்கள். ஊழியர் எல்லோரும் பட்டியலில் இருப்பார்கள், சம்பளம் இருந்த இடம் வெறுமையாகும். விஷுவல் எதுவும் உடையாது, மெஷர் எதுவும் செத்துப்போகாது.

உறவை ஒன்றுக்கு ஒன்று என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அது எப்போதும் இரு திசையிலும் வடிகட்டும் உறவு. சம்பளத்தை மறைக்கப் போய் ஊழியரையே காணாமல் அடித்துவிடும் ஆபத்து உண்டு.

இதில் இன்னொரு வசதி. ஓஎல்எஸ்-இல் ஆளுக்கேற்ப மாறும் நிபந்தனை எழுத முடியாது, ரோலுக்கு ஒன்றாக நிலையாக இருக்கும். இந்த முறையில், பார்ப்பவரின் உள்நுழைவுப் பெயரைத் தரும் யூசர்பிரின்சிபல்நேம் வைத்து, யாருக்கு யாருடைய சம்பளம் தெரியலாம் என்பதைத் தனி அனுமதி டேபிளிலிருந்தே படிக்கலாம். தன் சம்பளம் மட்டும் தனக்குத் தெரியட்டும் என்றாலும் முடியும்.

தரவுத்தச்சர்:

காலியாகத் தெரிந்தால் போதும் என்றால் சரி. ஆனால் அதில் டேபிளின் பெயரும் நெடுவரிசைகளின் பெயரும் எல்லோருக்கும் தெரியும். 'மொத்தச் செலவு' மெஷர் உடையாமல் ஒரு எண்ணைக் காட்டும், அந்த எண் சம்பளம் சேராத எண். பார்ப்பவருக்கு அது தெரியாது. உடைந்த பெட்டியாவது ஏதோ இல்லை என்று சொல்லும். தவறான மொத்தம் எதுவும் சொல்லாது. ஒரு துறைத் தலைவர் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வரவுசெலவுக் கூட்டத்துக்குப் போனால் என்ன ஆகும்?

மூன்றாம்வரிசை:

அது நியாயமான கவலை, மறுக்கவில்லை. அப்படிப்பட்ட மெஷரில் சம்பள டேபிளில் வரிசை ஏதும் தெரிகிறதா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் மொத்தத்தையே வெறுமையாக்கி விடுகிறேன். எல்லா மெஷரிலும் இதைச் செய்ய வேண்டும், ஒன்றை விட்டாலும் நீங்கள் சொன்னது நடக்கும்.

எப்படிப் போனாலும் டேபிளைப் பிரிப்பது மட்டும் இரண்டு வழிக்கும் நல்லது. நெடுவரிசை நெடுவரிசையாகப் பூட்டினால், நாளை யாராவது 'கடன் பிடித்தம்' என்று புதிதாக ஒன்றை ஊழியர் டேபிளில் சேர்ப்பார்கள். அது பூட்டில்லாமல் எல்லோருக்கும் தெரியும். தனி டேபிளாக்கி டேபிளையே பூட்டினால் அதில் புதிதாக வருவதும் தானாக உள்ளே அடங்கிவிடும்.

முதல்ரிப்போர்ட்:

ஊழியர் டேபிளையே மொத்தமாகப் பூட்ட முடியுமா என்றும் ஆசைப்பட்டேன், துறை வாரியான மணிநேரம் மட்டும் தெரிந்தால் போதும் என்று சொல்லும் இன்னொரு கூட்டத்துக்காக. பவர் பிஐ விடவில்லை.

தரவுத்தச்சர்:

விடாது. துறை, ஊழியர், வேலை நேரம் என்று மூன்றும் சங்கிலியாக நிற்கின்றன. நடுவில் உள்ளதைப் பூட்டினால் துறைக்கும் வேலை நேரத்துக்கும் இடையே வழி அறுந்துவிடும், அதனால் அந்த அமைப்பையே ஏற்காது. துறைக்கும் வேலை நேரத்துக்கும் நேரடி உறவு இருந்தால்தான் முடியும். ஓரத்தில் தொங்கும் டேபிளைப் பூட்டுவதில் இந்தத் தொல்லை இல்லை, மூன்றாம்வரிசை சொன்ன தனிச் சம்பள டேபிள் அப்படிப்பட்டதுதான். ஒரு டேபிளைத் திறந்து வைத்து அதில் உறவுக்குப் பயன்படும் நெடுவரிசையை மட்டும் பூட்டினாலும் உறவு வேலை செய்யும்.

கிடங்குக்காவலர்:

தரவுத்தளப் பக்கத்திலிருந்து வருகிறேன். ஏன் மூலத்திலேயே பூட்டக் கூடாது? போஸ்ட்கிரெஸில் நெடுவரிசை வாரியாக செலக்ட் அனுமதி கொடுக்கலாம். எஸ்கியூஎல் சர்வரிலும் முடியும். ஸ்னோஃப்ளேக்கில் நெடுவரிசைக்கு மறைப்புக் கொள்கை வைக்கலாம். ரிப்போர்ட் கருவி இன்று ஒன்று, நாளை வேறு. தரவு அங்கேயேதான் இருக்கும்.

மூன்றாம்வரிசை:

கொள்கையாகச் சரி. ஆனால் இவருடையது இம்போர்ட் மாடல். புதுப்பிக்கும்போது ஒரே கணக்கு எல்லாவற்றையும் படித்து மாடலுக்குள் கொண்டுவந்து விடுகிறது. அதோடு மூலத்தின் அனுமதிகளுக்கு வேலை முடிந்தது. அதன்பின் பார்ப்பவர் யார் என்பது தரவுத்தளத்துக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு முறையும் மூலத்தையே நேரடியாகக் கேட்கும் டைரக்ட்குவெரி போட்டு, பார்ப்பவரின் அடையாளமே மூலம் வரை போகும்படி ஒற்றை உள்நுழைவு வைத்தால்தான் உங்கள் பூட்டு பலிக்கும்.

கிடங்குக்காவலர்:

ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எஸ்கியூஎல் சர்வர் 2016-இல் வந்த டைனமிக் டேட்டா மாஸ்கிங்கை மட்டும் நம்பாதீர்கள். வெளியே வரும் மதிப்பைத்தான் அது மூடும். தானே வினவல் எழுத முடிந்தவர், சம்பளம் இந்த எண்ணுக்கு மேல் உள்ளவர் யார் என்று நிபந்தனையில் கேட்டால் சரியான ஆட்கள் வந்து நிற்பார்கள். எண்ணை மாற்றி மாற்றிக் கேட்டு மதிப்பையே பிடித்துவிடலாம்.

ஊதியப்பிரிவு:

நான் மனிதவளத்தில் ஊதியக் கணக்கு பார்ப்பவள். கருவியை விட இந்த விஷயம்தான் எனக்கு நெருக்கம், அதனால் எழுதுகிறேன்.

சம்பள நெடுவரிசையை நீங்கள் எவ்வளவு அழகாகப் பூட்டினாலும், சம்பளம் வேறு வாசல் வழியாக வெளியே போகும். நான் இதைப் பார்த்திருக்கிறேன். நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் துறைச் சராசரி மட்டும்தான் காட்டினோம். ஒரு துறையில் இரண்டே பேர். தலைவருக்குத் தன் சம்பளம் தெரியும். சராசரியை இரண்டால் பெருக்கித் தன்னுடையதைக் கழித்தால் மற்றவருடையது. அது தெரிந்த பிறகு அந்த இருவருக்கும் இடையே பேச்சே நின்றுபோனது. அந்தப் பெண் என்னிடம் வந்து, என் சம்பளத்தை யார் சொன்னார்கள் என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யாரும் சொல்லவில்லை, நாங்கள் போட்ட ரிப்போர்ட்தான் சொன்னது.

பெரிய துறையிலும் இது நடக்கும். சராசரியோடு ஸ்லைசரை (பார்ப்பவரே தேர்ந்தெடுத்து வடிகட்டும் பெட்டியை) கொடுத்தால், சேர்ந்த ஆண்டு, பதவி, பாலினம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே ஆளிடம் வந்துவிடலாம். ஒருவர் வேலையை விட்டால், போன மாத மொத்தத்திலிருந்து இந்த மாத மொத்தத்தைக் கழித்தால் போதும். 'மொத்தச் செலவு' தெரிந்து, பயணச் செலவும் கருவிச் செலவும் தனித்தனியாகத் தெரிந்தால், மிச்சம் சம்பளம்தானே?

ஆகவே சராசரி வேண்டுமென்றால் அதைத் தரவு ஏற்றும்போதே கணக்கிட்டு, ஸ்லைசர்கள் தொடாத தனி டேபிளில் வையுங்கள். ஐந்து பேருக்குக் குறைந்த துறைக்கு எண்ணே காட்டாதீர்கள். ஐந்து என்பது நாங்கள் வைத்துக்கொண்ட அளவு, உங்களுக்குப் பத்தாகவும் இருக்கலாம். யார் எதைப் பார்க்கலாம் என்பதை மனிதவளப் பிரிவு எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். ரிப்போர்ட் எழுதுபவர் தலையில் அந்த முடிவை வைக்காதீர்கள்.

இன்னொரு கேள்வி, தச்சருக்கு: எங்கள் மாடலில் சம்பளத்தைப் பார்த்து 'ஊதியப் படிநிலை' என்று ஒரு கணக்கிட்ட நெடுவரிசை இருக்கிறது. சம்பளத்தைப் பூட்டினால் அதுவும் பூட்டிக்கொள்ளுமா?

தரவுத்தச்சர்:

பூட்டிக்கொள்ளாது. முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். மெஷர் பார்க்கும் நேரத்தில் கணக்கிடப்படுவது, அதனால் பூட்டு அதற்கும் பரவும். கணக்கிட்ட நெடுவரிசையும் கணக்கிட்ட டேபிளும் புதுப்பிக்கும்போதே கணக்கிட்டு மதிப்பாகச் சேமிக்கப்பட்டவை. பார்ப்பவர் வரும் நேரத்தில் அவை எதிலிருந்து வந்தன என்று யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துத் தனியாகப் பூட்ட வேண்டும், அல்லது அந்தச் சம்பள டேபிளுக்குள்ளேயே வைக்க வேண்டும்.

உங்கள் சராசரி விஷயத்தை எங்கள் குழுவிலும் எடுத்துச் செல்கிறேன். நாங்கள் நெடுவரிசையோடு நின்றுவிட்டோம்.

முதல்ரிப்போர்ட்:

இதைப் படித்துவிட்டு எங்கள் மாடலைத் தேடினேன். சம்பளத்திலிருந்து வரும் கணக்கிட்ட நெடுவரிசைகள் மூன்று இருந்தன. ஒன்று நானே எழுதியது.

வெளியிடும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

மூன்றாம்வரிசை:

டெஸ்க்டாப்பில் 'வியூ அஸ்' வைத்து ஒவ்வொரு ரோலாகப் பாருங்கள். சர்வீஸிலும் ரோலாகச் சோதிக்கும் வசதி உண்டு. ஆனால் நிஜமான ஒரு துறைத் தலைவர் கணக்கை வைத்துப் பார்க்கும் வரை நான் நிம்மதியாக இருக்க மாட்டேன். ஏனென்றால் ரிப்போர்ட்டை வெளியிடும் பொது இடமான வொர்க்ஸ்பேஸில் அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் ஆக இருப்பவர்களுக்கு ஆர்எல்எஸ்-உம் கிடையாது, ஓஎல்எஸ்-உம் கிடையாது. அவர்களுக்குத் திருத்தும் உரிமை இருக்கிறது, எல்லாம் தெரியும். வியூவருக்குத்தான் பூட்டு. எப்போதோ ஒரு அவசரத்துக்கு ஒரு துறைத் தலைவரை மெம்பராகச் சேர்த்திருப்பீர்கள், அதை முதலில் பாருங்கள்.

டெஸ்க்டாப்பில் சேமித்த பிபிஐஎக்ஸ் கோப்பை யாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். டெஸ்க்டாப்பில் திறப்பவருக்கு அதில் உள்ள தரவு முழுவதும் தெரியும், ரோல் எதுவும் தடுக்காது. மின்னஞ்சல் சந்தாவும் அப்படித்தான், சந்தாவை உருவாக்கியவர் பார்வையில் எடுத்த படம்தான் எல்லோருக்கும் போகும். மனிதவளப் பிரிவில் ஒருவர் நல்லெண்ணத்தில் துறைத் தலைவர்களைச் சந்தாவில் சேர்த்தாலே போதும், பூட்டு இருந்தும் பயனில்லை.

தரவுத்தச்சர்:

ஓஎல்எஸ் வைத்த மாடலில் கேள்வி பதில் விஷுவல், குவிக் இன்சைட்ஸ், ஸ்மார்ட் நேரேட்டிவ் இவை வேலை செய்யாது. யாராவது அவற்றைப் பயன்படுத்தினால் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல்ரிப்போர்ட்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

சம்பளம் சார்ந்த எல்லாவற்றையும், கணக்கிட்டவற்றையும் சேர்த்து, தனி டேபிளாக்கினேன். பெயரும் தெரிய வேண்டாம் என்று மனிதவளப் பிரிவு எழுதித் தந்ததால் அந்த டேபிளை 'துறைத்தலைவர்' ரோலில் ஓஎல்எஸ் வைத்துப் பூட்டினேன். வரிசை வடிகட்டலும் அதே ரோலில். துறைத் தலைவர்களுக்குத் தனி ரிப்போர்ட். துறைச் சராசரி தனி டேபிளில், ஸ்லைசருக்கு எட்டாதபடி. வொர்க்ஸ்பேஸில் தேடியபோது இரண்டு துறைத் தலைவர்கள் கான்ட்ரிபியூட்டராக இருந்தார்கள், மாற்றிவிட்டேன்.

அந்தத் துறைத் தலைவரையே அழைத்து, முன்பு செய்ததையே செய்து பார்க்கச் சொன்னேன். அதே மெஷரை எழுதினார். அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று பிழை வந்தது. வேறு நான்கு பெயர்களையும் அரை மணி நேரம் முயன்று பார்த்தார்.

ஒரே ஒரு சந்தேகம். மனிதவளத்தில் ஒருவர் தன் பிரிவுக்குத் தலைவராகவும் இருக்கிறார், அதனால் இரண்டு செக்யூரிட்டி குழுவிலும் இருக்கிறார். அவருக்குப் பிழை வருமா?

தரவுத்தச்சர்:

உங்கள் 'முழுப்பார்வை' ரோலில் எந்தத் தடையும் இல்லை, இரண்டு பூட்டும் ஒரே ரோலில்தான் இருக்கின்றன. கூட்டினால் அவருக்கு எல்லாம் தெரிய வேண்டும். ஆனாலும் அவரை 'துறைத்தலைவர்' குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். மனிதவளத்திலிருந்து அவர் என்றாவது மாறிப்போகும்போது, எந்தக் குழுவில் ஏன் இருக்கிறார் என்று தேடுவது உங்களுக்கு எளிதாக இருக்கும். மாற்றிய பிறகு அவர் கணக்கிலேயே ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

முதல்ரிப்போர்ட்:

எடுத்துவிட்டேன். திறந்து பார்த்தார், எல்லாம் வருகிறது.